குமிழுக்கு முன்னால் கிழியும் ஒலி

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும் கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையிலும் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரம், ஒலிப்பதிவுக் கருவிக்குக் கடினமான சோதனைக் களம். தோல் பதனிடும் டேனரிகளில் பெரிய மர டிரம்கள் சுழல, உள்ளே நனைந்த தோல்கள் மேலிருந்து விழுந்து மோதும் அடித்தொண்டை ஓசை ஒரு பக்கம். ஷேவிங் மிஷினின் சுழல்கத்திகள் எழுப்பும் சீறல் இன்னொரு பக்கம். ஷூ கம்பெனிகளில் அச்சுக்கத்தியின் மேல் கிளிக்கிங் மிஷின் இறங்கும் அடி ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இதே வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நாட்களில் இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். முகவீணையும் பம்பையும் ஆர்மோனியமும் பாட்டும் விடியும்வரை ஓயாது. இவற்றுக்கு நடுவே, பாலாற்றில் தண்ணீர் தெளிவாக ஓடிய காலத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லும் முதியவர்களும் இருக்கிறார்கள். தோல் கழிவுநீர் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, இந்தத் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை எடுத்துச் சொன்னது. அந்த நிலங்களில் ஏர் ஓட்டியவர்களின் பேச்சு எந்தத் தீர்ப்பிலும் முழுதாக இடம்பெறாது. அதைக் காக்கக் கூடியது ஒலிப்பதிவுதான்.

இந்த ஒலிகளையெல்லாம் பிடிக்க இன்று ஒருவர் எடுத்துச் செல்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. அதில் ஒரு லெவல் குமிழ், ஒரு மீட்டர், அளவு மீறினால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரியாவிட்டால் பதிவு சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மீட்டர் பார்ப்பது ஒலி கடந்துவரும் பாதையின் கடைசிப் படியை. ஒலி கிழிவதோ பெரும்பாலும் அதற்கு முந்தைய படிகளில், குமிழின் கை எட்டாத இடத்தில். அப்படிக் கிழிந்த ஒலியைப் பிறகு எவராலும் தைக்க முடியாது.

பாதையை எண்களோடு பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். 94 டெசிபல் என்பது 1 பாஸ்கல் அழுத்தம். டெசிபல் 20 கூடினால் அழுத்தம் 10 மடங்கு. 6 கூடினால் ஏறத்தாழ 2 மடங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல், அதாவது 0.02 பாஸ்கல். 1 பாஸ்கலுக்கு 10 மில்லிவோல்ட் தரும் மைக்கில் இது 0.2 மில்லிவோல்ட் மின்னழுத்தமாக மாறும். அரை மீட்டர் தூரத்தில் பலமாக அடிக்கப்படும் தோல்கருவியின் உச்சம் 120 டெசிபலை எளிதாகத் தாண்டும். 126 என்று வைத்துக்கொண்டால் அது 40 பாஸ்கல், மைக்கிலிருந்து 400 மில்லிவோல்ட். பேச்சுக்கும் அடிக்கும் இடையே 2,000 மடங்கு வித்தியாசம். மைக்கின் மின்னழுத்தத்தை முதலில் உயர்த்தும் முன்பெருக்கி, தாழ்ந்த பேச்சை மனதில் வைத்து 20 மடங்கு பெருக்குவதாகக் கொள்வோம். பேச்சு 4 மில்லிவோல்ட் ஆகிறது; நல்லது. தோல்கருவி 8 வோல்ட் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கருவி ஓடுவது இரண்டு பென்சில் பேட்டரியில், 3 வோல்ட்டில். தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு மேல் எந்தப் பெருக்கியும் ஏற முடியாது. அலையின் தலை அங்கேயே தட்டையாக வெட்டுப்படுகிறது. பல சிறு கருவிகளில் லெவல் குமிழ் இந்தப் பெருக்கிக்குப் பின்னால்தான் இருக்கிறது. சிலவற்றில் ஒலி எண்களாக மாறிய பிறகு, வெறும் பெருக்கல் கணக்காகவே இருக்கிறது. அங்கே குமிழைப் பாதியாகக் குறைத்தால், தலை வெட்டுப்பட்ட அலை பாதி உயரத்தில் பதிவாகும். மீட்டர் பத்திரம் என்று காட்டும், சிவப்பு விளக்கு எரியாது, காதில் மட்டும் கரகரப்பு இருக்கும். மைக்செட்காரர்கள் சவுண்டு கிழியுது என்று சொல்வது இதைத்தான்.

பெருக்கிக்கும் முன்னால் இன்னொரு கதவு உண்டு. சிறு கருவிகளிலும் கைப்பேசிகளிலும் உள்ள மைக், வெறும் சவ்வு மட்டுமல்ல; சவ்வின் மெல்லிய மின்னசைவை வெளியே கொண்டுவர அதற்குள்ளேயே ஒரு டிரான்சிஸ்டர் சுற்று இருக்கிறது. கருவி அதற்குக் கொடுக்கும் இரண்டு மூன்று வோல்ட்தான் அதன் முழு உலகம். ஸ்டுடியோ மைக்குகளுக்கு 48 வோல்ட் கொடுக்கும் ஏற்பாடு இருப்பதற்கு ஒரு காரணம், இந்த உள்சுற்றுக்கு அசைய இடம் வேண்டும் என்பதே. கைப்பேசி மைக்குகளின் தாங்குவரம்பு என்று தகவல் தாளில் அச்சிடப்படும் டெசிபல், ஒலியின் வடிவம் கெடும் அளவான விலகல் 10 சதவீதத்தைத் தொடும் புள்ளி. 10 சதவீதம் என்பது காதுக்கு நன்றாகவே கேட்கும் கெடுதி. ஆக, அந்த எண் பத்திரத்தின் எல்லை இல்லை, சேதம் ஏற்கெனவே நடந்துவிட்ட இடம். வாங்குபவர்கள் அதை நேர்மாறாகப் படித்துக்கொள்வது வருத்தத்துக்குரியது.

வெட்டுப்பட்ட அலைக்கு என்ன ஆகிறது? தலையும் காலும் சமமாக வெட்டுப்பட்டால் மூலச் சுருதியின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண்கள் புதிதாக முளைக்கின்றன. ஒற்றை ஸ்வரமாக இருந்தால் இது நிறம் மாறிய ஸ்வரம், அவ்வளவே. இரண்டு ஒலிகள் சேர்ந்து வெட்டுப்படும்போதுதான் உண்மையான அழிவு. கூத்தில் ஆர்மோனியம் 400 ஹெர்ட்ஸில் சட்ஜத்தைப் பிடித்திருக்க, பாடுபவர் 450 ஹெர்ட்ஸில் சதுச்ருதி ரிஷபத்தில் நிற்கிறார் என்று வைப்போம். வெட்டு இவ்விரண்டையும் கலந்து புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். 450-ஐ இரட்டித்து 400-ஐக் கழித்தால் 500. 400-ஐ இரட்டித்து 450-ஐக் கழித்தால் 350. 400-க்கு 500 என்பது நாலுக்கு ஐந்து, அதாவது அந்தர காந்தாரம். யாரும் பாடாத, யாரும் வாசிக்காத காந்தாரம் ஒன்று பதிவில் ஒலிக்கிறது. 350 இன்னும் மோசம். தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில், எந்த ஸ்வரஸ்தானத்திலும் உட்காராமல் தொங்குகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதிவைக் கேட்டு அந்தக் குழுவின் சுருதி ஞானத்தை எடைபோடுபவர், கலைஞர்கள் செய்யாத பிழையை அவர்கள் தலையில் ஏற்றுவார். கிழிசலை வெறும் காது உறுத்தலாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை. அது பதிவின் சாட்சியத்தையே மாற்றிவிடுகிறது.

இங்கே இரைச்சலுக்கும் வெட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். இரைச்சல், இருக்கும் ஒலியோடு சேரும் இன்னொரு ஒலி. மூல ஒலி அதற்கு அடியில் முழுதாக இருக்கிறது. மூளையும் கணினியும் அதை ஓரளவு பிரித்தெடுக்கலாம். வெட்டு அப்படியல்ல. 3 வோல்ட் போக வேண்டிய அலையும் 8 வோல்ட் போக வேண்டிய அலையும் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், எது எவ்வளவு உயர்ந்திருக்கும் என்ற தகவல் உலகத்திலேயே இல்லாமல் போகிறது. ஷேவிங் மிஷினில் ஒரே தடிமனுக்குச் சீவப்பட்ட தோலைப் பார்த்து, எந்த இடம் முதலில் எவ்வளவு தடித்திருந்தது என்று சொல்ல முடியாததைப் போன்றது இது. வெட்டுப்பட்ட உச்சிகளைச் சீர்செய்யும் மென்பொருட்கள் இருக்கின்றன. அவை இருபுறமும் மிஞ்சிய சரிவைப் பார்த்து நடுவில் உச்சி எப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. ஒன்றிரண்டு உச்சிகள் லேசாகப் போயிருந்தால் ஊகம் நன்றாகவே பலிக்கும். தொடர்ந்து வெட்டுப்பட்ட பம்பை அடியில் அது வரைவது ஒரு கற்பனை அடி. கேட்பதற்கு இதமாக இருக்கலாம், ஆவணமாகாது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம், லெவலைத் தாழ்வாக வைத்தால் இரைச்சல் கூடாதா என்பது. கேசட் காலத்தில் இது முற்றிலும் நியாயமான கவலை. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டில், இரைச்சல் குறைக்கும் ஏற்பாடு இல்லாதபோது, நாடாவின் சீறலுக்கும் உச்சத்துக்கும் இடையே கிடைத்த இடம் 50 டெசிபல் அளவுதான். அதனால் மீட்டரின் முள்ளைச் சிவப்புக் கோட்டின் பக்கமாகவே வைத்திருக்கப் பழகினார்கள். நாடாவும் அதற்கு இடம் கொடுத்தது. அதன் காந்தத் துகள்கள் திடீரென்று வெட்டாமல் உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கின. அந்த முள்ளே ஒரு சராசரி காட்டி. ஒலி வந்து 0.3 நொடிக்குப் பிறகுதான் முழு அளவைக் காட்டும். சில மில்லி நொடியில் முடியும் தோல்கருவியின் அடி அதை அசைப்பதற்குள் கடந்துவிடும். அதாவது அந்தக் காலப் பழக்கம், அந்தக் கால ஊடகத்தின் பெருந்தன்மையை நம்பி உருவானது. எண்முறைப் பதிவுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அதன் உச்ச எண்ணுக்கு மேல் ஒரு படிகூட இல்லை.

மாறாக, கீழ்ப்பக்கம் அதற்கு இடம் தாராளம். ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்கில் 144. கைக்கருவிகளின் உண்மையான சுற்றுகள் 24 பிட்டிலும் 100 டெசிபலை ஒட்டித்தான் தருகின்றன என்று கொண்டாலும், ஆம்பூரில் ஒரு வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். பேசுபவரின் குரல் 60 டெசிபல். தெருவும் மின்விசிறியும் சேர்ந்து 35, 40. குரலுக்கும் சூழலுக்கும் இடையே இருப்பது 20 முதல் 25 டெசிபல்தான். குரலின் உச்சங்களை மீட்டரின் உச்சிக்கு 20 டெசிபல் கீழே வைத்தாலும் கருவியின் சொந்த இரைச்சல் அதற்கும் 80 டெசிபல் கீழேதான் கிடக்கும். மின்விசிறிச் சத்தம் அதை எப்போதோ மூடிவிட்டது. பிறகு கணினியில் 20 டெசிபல் உயர்த்தினால் குரலும் மின்விசிறியும் சேர்ந்தே உயரும். அவற்றுக்கிடையே உள்ள விகிதம் மாறாது. எனவே தாழ்வாக வைப்பதற்கு இந்த ஊர்களில் விலையே இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் மிகக் குறைவான மின்னழுத்தம் தரும். அதைத் தூரத்தில் வைத்து, முன்பெருக்கியையும் குறைத்தால், கருவியின் இரைச்சல் உண்மையிலேயே மேலே வரும். அதற்கு மருந்து குமிழைத் திருகுவது அல்ல, மைக்கைக் கிட்டே கொண்டுபோவது.

தூரம்தான் முதல் லெவல் குமிழ். எல்லாப் படிகளுக்கும் முன்னால் நிற்பதும் அது ஒன்றே. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்த கருவியை 4 மீட்டருக்கு நகர்த்தினால் மூன்று இரட்டிப்பு, 18 டெசிபல், எட்டில் ஒரு பங்கு. மேலே பார்த்த 400 மில்லிவோல்ட் 50 ஆகிவிடும், 20 மடங்கு பெருக்கினாலும் 1 வோல்ட், பேட்டரிக்குள் அடங்குகிறது. மின்சாரமே இல்லாத பழைய கிராமபோன் பதிவுகளில் வேறு வழியே இருக்கவில்லை: உச்சஸ்தாயியில் பாடகர் கூம்பை விட்டுப் பின்னால் நகர்வார், தாழ்ந்த இடத்தில் முன்னால் வருவார். கூத்துக் களரியில் வாத்தியக்காரர்கள் உட்காரும் பக்கமும் நடிகர்கள் ஆடும் பக்கமும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. முகவீணைக்கும் பம்பைக்கும் அருகில் வைப்பதைவிட, நடிகர்களைப் பார்த்தபடி எதிர்ப்பக்கத்தில் வைப்பது ஒரே செயலில் இரண்டு வேலையைச் செய்கிறது. பாட்டு நெருங்கும், அடி விலகும். எந்தக் குமிழும் இதைச் செய்யாது, ஏனென்றால் குமிழ் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றி இறக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: கிழிந்தாலும் வார்த்தை புரிகிறதே, வாய்மொழி வரலாற்றுக்கு அது போதாதா? இதற்கு ஆதரவாக அறிவியலே இருக்கிறது. ஹார்வர்டின் உளஒலியியல் ஆய்வகத்தில் லிக்லைடர் 1940-களில் செய்த சோதனைகளில், பேச்சு அலையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் வெட்டி, அது பூஜ்யத்தைக் கடக்கும் கணங்களை மட்டும் விட்டுவைத்தபோதும் கேட்டவர்களுக்குப் பெரும்பாலான சொற்கள் புரிந்தன. இந்த முடிவை நான் மறுக்கவில்லை. அது மொழியின் வலிமைக்குச் சான்று. ஆனால் அது அமைதியான பின்னணியில் தனியாக ஒலித்த பேச்சு. டேனரிக்குள் பேசுபவரின் குரலோடு டிரம்மும் மிஷினும் சேர்ந்தே மைக்குக்குள் வருகின்றன. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகள் வரம்பு வைக்கும் அளவுக்கு அந்தச் சூழல் உரத்தது. கூட்டு அலை வெட்டுப்படும்போது அதன் போக்கைத் தீர்மானிப்பது உரத்த ஒலி. மெல்லிய ஒலி அதன் முதுகில் ஏறிவரும் சிற்றலை. வெட்டு உச்சிகளைத்தான் சீவுகிறது என்பதால், உச்சியில் ஏறியிருந்த அந்தச் சிற்றலைதான் முதலில் போகிறது. மிஷின் மிஞ்சும், ஆள் மறைவார். அதோடு, ஒரு சாட்சியத்தில் சொல் மட்டும் இல்லை. குரலின் நடுக்கம், மூச்சு வாங்கும் இடம், வாணியம்பாடியின் தக்னி உருதுவும் தமிழும் கலந்து பேசும் ஒருவரின் உச்சரிப்பில் உள்ள நுண்மை எல்லாம் அலையின் வடிவத்தில்தான் இருக்கின்றன. வருங்கால மொழியியலாளருக்குச் சொற்களின் பட்டியல் போதாது.

தானியங்கி லெவல் இருக்கும்போது ஏன் இந்தத் தலைவலி என்பார்கள். கைப்பேசிகளில் அது பெரும்பாலும் எப்போதும் ஓடுகிறது. உரத்த ஒலி வந்ததும் சட்டென்று பெருக்கத்தைக் குறைத்து, பிறகு நிதானமாக ஏற்றும். அதுவும் மைக்கின் உள்சுற்றைக் காப்பாற்றாது என்பது ஒருபுறம். கூத்தில் நடிகர் திரைக்குப் பின்னாலிருந்து பாடத் தொடங்கி, திரை விலகியதும் முழுக்குரலில் வெளிப்படுவார்; அந்த வளர்ச்சிதான் அந்தக் காட்சி. தானியங்கி லெவல் திரைக்குப் பின்னாலிருக்கும் குரலை ஏற்றி, வெளிவந்த குரலை இறக்கி, இரண்டையும் சமமாக்கிவிடும். ஒவ்வொரு பம்பை அடிக்குப் பிறகும் பாட்டு குழிக்குள் விழுந்து ஏறும். இன்னொரு சேதம் குடிமக்களைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும் தொழிற்பகுதிக்கு 75, 70 என்றும் வரம்பு சொல்கின்றன. தொழிற்சாலையும் வீடும் ஒரே சுவரைப் பகிரும் ஊர்களில், பாதிக்கப்பட்டவர் கைப்பேசியில் சத்தத்தைப் பதிந்து புகாரோடு கொடுப்பது இயல்பு. அந்தப் பதிவில் 55-உம் 75-உம் ஏறத்தாழ ஒரே உரப்பில்தான் ஒலிக்கும், ஏனென்றால் வித்தியாசத்தை அழிப்பதே அந்த ஏற்பாட்டின் வேலை. சத்தத்தின் தன்மைக்கு அது சாட்சி. அளவுக்குச் சாட்சியே அல்ல. அளவைச் சொல்ல வேண்டுமானால் தானியங்கியை நிறுத்தி, லெவலை ஒரே இடத்தில் நிலைநிறுத்தி, 1 பாஸ்கல் அழுத்தம் தரும் அளவீட்டுக் கருவியின் ஒலியையும் அதே பதிவில் முதலில் பதிந்திருக்க வேண்டும்.

2019-இல் 32 பிட் மிதவைப்புள்ளிப் பதிவு கைக்கருவிகளுக்கு வந்தபோது, லெவல் பிரச்சினையே முடிந்தது என்று விளம்பரங்கள் சொல்லின. இதில் பாதி உண்மை. இத்தகைய கருவிகளில் ஒரே ஒலியை, மெல்லியதற்கு ஒன்றும் உரத்ததற்கு ஒன்றுமாக ஒலியை எண்களாக்கும் இரண்டு மாற்றிகள் ஒரே நேரத்தில் படித்து, இரண்டையும் தைத்துக் கோப்பாக்குகின்றன. கோப்பின் எண்முறைக்கு 1,500 டெசிபலுக்கும் மேற்பட்ட இடம் உண்டு; அதில் வெட்டுப்படுவது நடக்காத காரியம். நல்ல முன்னேற்றம், வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால் அது நீக்குவது கடைசிப் படியின் வரம்பை மட்டும். சவ்வு, உள்டிரான்சிஸ்டர், முதல் பெருக்கி மூன்றும் அப்படியே அவற்றின் வோல்ட்டுக்குள் வாழ்கின்றன. மைக்செட்டின் கலவைப் பெட்டியிலிருந்து வரும் 1.23 வோல்ட் வெளியீட்டை, 0.2 மில்லிவோல்ட் பேச்சுக்காக அமைந்த மைக் துளையில் செருகினால் அது 6,000 மடங்கு அதிகம். எத்தனை பிட் இருந்தாலும் வாசலிலேயே கிழியும். அதற்குரிய லைன் துளையில் செருக வேண்டும், இல்லையேல் இடையில் குறைப்பான் வேண்டும். குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் கைவைக்கவே கூடாது. அது 100 வோல்ட் வரை போகும் வழி. இன்னொன்று: ஆம்பிளிஃபயரே எல்லை மீறி முடுக்கப்பட்டுக் குழாயிலிருந்து கிழிந்த ஒலி வந்தால், அதன் எதிரில் வைக்கப்பட்ட எந்தக் கருவியும் கிழிசலைத்தான் துல்லியமாகப் பதியும்.

கருவியின் வெட்டு எந்தப் படியில் நடக்கிறது என்பதை யாரும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உரத்த அடி ஒன்றை அருகில் வைத்து, லெவலை நடுவிலும் பிறகு மிகத் தாழ்வாகவும் வைத்து இரண்டு முறை பதிந்து, கணினியில் அலையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தாழ்ந்த பதிவில் அலையின் தலை கூர்மையாக இருந்தால் குமிழ் உண்மையிலேயே முன்னால் இருக்கிறது. மீட்டரின் உச்சிக்கு வெகு கீழே, தட்டையான மேடையாகத் தெரிந்தால் வெட்டு குமிழுக்கு முன்பே நடந்துவிட்டது. உணர்திறன் பொத்தானைத் தாழ்நிலைக்கு மாற்ற வேண்டும், அது இல்லாத கருவியைத் தள்ளி வைக்க வேண்டும். சில கருவிகள் 12 டெசிபல் தாழ்வாக இரண்டாவது பாதுகாப்புத் தடம் ஒன்றையும் கூடவே பதிகின்றன. இதே சோதனையை அந்தத் தடத்துக்கும் செய்து பார்ப்பது அவசியம். அது முன்பெருக்கிக்கு முன்னால் தனியாகப் பிரிந்தால் கைகொடுக்கும். அதே பெருக்கியின் வெளியீட்டிலிருந்து பிரிந்தால், இரண்டு கோப்புகளிலும் ஒரே மேடைதான், ஒன்று கொஞ்சம் தாழ்வாக.